எரர் காயின்னு எழுதுறதுக்கு முன்னாடி: நாணயக் கண்காட்சி நடத்துற சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத்து பெரியவங்களுக்கும், கண்காட்சியில ஸ்டால் போடுற அண்ணன்களுக்கும் வணக்கம்.

பல வருஷமா கண்காட்சிகளுக்கு வந்து போயிட்டு இருக்கிறவன் நான், இந்த தடவை மனசு கேக்காமதான் எழுதுறேன். மின்ட்ல, அதாவது காசு அடிக்கிற ஆலையில, தப்பா அடிபட்டு வர்றதுதான் எரர் காயின்; வெளிய வந்தப்புறம் கெடுத்த காசையும் அதே பேர்ல சிலர் விக்கிறாங்க. போன கண்காட்சிக்கு அக்கா பையனை கூட்டிட்டு வந்தேன், ஒம்பதாவது படிக்கிறான், உண்டியலை உடைச்சு எடுத்த பணத்துல ஒரு ஸ்டால்ல நடுவுல ஓட்டை உள்ள பத்து ரூபா காயின் வாங்கிட்டான். காசு வச்சிருந்த உறை, அதாவது ஹோல்டர் மேல "எரர், நடு இல்லாதது, ரேர்"னு பேனாவுல எழுதியிருக்கு, விலை 1,200 ரூபா. நான் அப்போ வேற ஸ்டால்ல இருந்தேன். வீட்டுக்கு வந்து லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி வச்சு பாத்தா ஓட்டை சுத்தமான வட்டம், ஒரு பக்கம் ஓட்டையோட ஓரத்துல ஏதோ கம்பி வச்சு சுத்தியல்ல தட்டின மாதிரி மூணு சின்ன பள்ளம், உள்சுவர்ல நடுத்துண்டு பிடிச்சிருந்த தடம் அப்படியே இருக்கு. "மாமா, அப்போ இது உடைச்ச காசா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்ல வேண்டியதா போச்சு.

ஏன் அவ்ளோ உறுதியா சொன்னேன்னா, பத்து ரூபா காயின்ல வெளிவளையமும் நடுத்துண்டும் தனித்தனியா வந்து, டைக்கு, அதாவது படம் செதுக்கின அச்சுக்கு நடுவுல ஒண்ணா உக்காந்து, அடி விழும்போதுதான் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்குது. நடுத்துண்டு விழாம வளையம் மட்டும் அடி வாங்கினா, அந்த அழுத்தத்துல உலோகம் உள்பக்கம் வழிஞ்சு வரும், ஓட்டை கொஞ்சம் சின்னதாகும், உள்விளிம்பு ஒழுங்கில்லாம இருக்கும். அதுதான் மின்ட்ல நடந்த தப்பு. வெளிய வந்தப்புறம் தட்டி எடுத்ததுல இது எதுவுமே இருக்காது. 2011 நாணயச் சட்டப்படி காசை அழிக்கிறதே குற்றம், அதை எரர்னு சொல்லி ஒரு பையன்கிட்ட விக்கிறது அதுக்கும் மேல.

எல்லா எரருக்கும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது மின்ட் மெஷினுக்குள்ள எந்த இடத்துல எப்படி நடந்திருக்கும்? தகடுல இருந்து பிளாங்க்னு சொல்ற படமில்லாத வெறும் துண்டை வெட்டுறாங்க, விளிம்பை எழுப்புறாங்க, காலர்னு சொல்ற வளையத்துக்குள்ள வச்சு ரெண்டு டைக்கு நடுவுல அடிக்கிறாங்க. இதுல ஏதாவது ஒரு இடத்தை விரல் வச்சு காட்ட முடியலைன்னா அது டேமேஜ். விக்கிறவருக்கு இதை விளக்கத் தெரியலைன்னா அந்த ஹோல்டர்ல எரர்னு எழுதக்கூடாது, என் கோரிக்கையே இதுதான்.

கிளிப் காயினை எடுத்துக்கோங்க. வெட்டுற பஞ்ச் ஏற்கனவே ஓட்டை போட்ட இடத்து மேல ஏறி வெட்டினா பிளாங்க் பிறை மாதிரி கடிபட்டு வரும், அதுக்கு அப்புறம்தான் விளிம்பு எழுப்புறது, அந்த இடத்துல அழுத்தம் கிடைக்காததால நேர் எதிர்ப்பக்கமும் விளிம்பு மங்கலா போயிடும். இதைத்தான் பிளேக்ஸ்லி எஃபெக்ட்னு சொல்றோம். எல்லா கிளிப்லயும் தெளிவா தெரியும்னு சொல்ல மாட்டேன், ஆனா தெரிஞ்சா பெரிய சாட்சி. கூடவே கடிபட்ட ஓரத்துல இருக்கிற எழுத்து விளிம்பை நோக்கி இழுபட்டு வழிஞ்ச மாதிரி இருக்கும். கத்தரிச்சு அரம் போட்டதுல எழுத்து பாதியில கத்தி வச்ச மாதிரி நிக்கும், ஓரத்துல அரம் தேய்ச்ச கோடு தெரியும்.

கோடு விஷயம் இன்னும் சுலபம். டை விரிசல் விட்டா அந்த விரிசலுக்குள்ள உலோகம் ஏறி காயின்ல மேடா ஒரு கோடு வரும். பள்ளமா இருந்தா அது கீறல், அவ்ளோதான்.

வருஷத்துல ஒரு எண்ணு இல்ல, எழுத்து இல்லன்னு விக்கிறாங்களே, டைல கிரீஸ் அடைச்சு வந்ததுன்னா அந்த இடம் சுத்தி இருக்கிற பரப்பு மாதிரியே அதே பளபளப்போட மழமழன்னு இருக்கும். தேய்ச்சு எடுத்ததுன்னா லைட்டுக்கு சாய்ச்சு பிடிச்சாலே ஒரே திசையில மெல்லிய கோடு கோடா தெரியும். இதுல இன்னொரு கொடுமை, "மின்ட் மார்க் இல்லாத எரர்". மும்பைக்கு டைமண்ட், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு புள்ளி, கொல்கத்தாவுக்கு குறியே கிடையாது. வருஷத்துக்கு கீழ ஒண்ணும் இல்லன்னா அது பெரும்பாலும் சாதாரண கொல்கத்தா காசு. அதை 500 ரூபாய்க்கு வாங்கிட்டு போனவங்களை நேர்ல பாத்திருக்கேன்.

ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்கின காசை நம்ம எல்லாருமே சின்ன வயசுல கையில வச்சிருந்தோம். அதை இப்போ பிராட்ஸ்ட்ரைக்னு ஹோல்டர்ல போடுறாங்க. காலர் இல்லாம அடிபட்ட காசு பெருசா விரியும், ஆனா எழுத்து கூர்மையா நிக்கும். தண்டவாள காசுல எழுத்தெல்லாம் ஒரு பக்கமா இழுத்து தேஞ்சு போயிருக்கும்.

பிராக்கேஜ் பத்தி கட்டாயம் சொல்லணும், ஏன்னா அதுலதான் பணம் அதிகம் புரளுது. முந்தின காசு டைல ஒட்டிக்கிட்டு, அடுத்த பிளாங்க்ல அதோட முகத்தை பதிக்கிறதுதான் பிராக்கேஜ், அதனால ஒரு பக்கம் சரியா, மறுபக்கம் அதே படம் பள்ளமா கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி இருக்கும். பட்டறை வைஸ்ல ரெண்டு காசை சேத்து இறுக்கினாலும் திரும்பின எழுத்து பள்ளமா விழும், ஆனா அந்த பக்கத்தோட பழைய படம் நசுங்கி அடியில தெரியும். உண்மையான முழு பிராக்கேஜ்ல அடியில எந்த படமும் இருக்காது, ஏன்னா அந்த பக்கத்தை டை தொடவே இல்லை.

உலோகம் மாறி அடிச்சதுன்னு சொன்னா தராசும் காந்தமும் எடுங்க. 1990கள்ல வந்த பதினோரு மூலை ரெண்டு ரூபா செம்பு-நிக்கல், 6 கிராம், காந்தத்துல ஒட்டாது. அந்த படம் அதே காலத்து ஒரு ரூபா ஸ்டீல் பிளாங்க்ல விழுந்திருந்தா ஒட்டும், 4.85 கிராம் பக்கத்துல நிக்கும். ஆசிட்ல ஊறப்போட்டு மெலிஞ்சது ஒட்டவும் ஒட்டாது, எழுத்தும் கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கும்.

பழைய காசை வாங்குறோம் விக்கிறோம்னு ரிசர்வ் பேங்க் பேரை சொல்லி கமிஷன் கேக்குறவங்களை நம்பாதீங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க்கே எச்சரிக்கை விட்டுச்சு. அந்த மோசடிக்காரங்களை நம்மால தடுக்க முடியாது. ஆனா நம்ம கூடாரத்துக்குள்ள நடக்கிறது நம்ம பொறுப்பு இல்லையா? பெரும்பாலான டீலர் அண்ணன்கள் நேர்மையானவங்க, எனக்கு இவ்ளோ சொல்லிக் கொடுத்ததே அவங்கதான், அந்த நன்றியோடதான் கேக்குறேன்.

ஒவ்வொரு கண்காட்சியிலயும் வாசல்லயே ஒரு செக்கிங் டேபிள் போடுங்க. பத்து மடங்கு லூப், ரெண்டு டெசிமல் காட்டுற தராசு, ஒரு காந்தம், நல்ல லைட்டு, பக்கத்துல நிஜ எரரும் டேமேஜும் ஜோடி ஜோடியா வச்ச ஒரு டிரே, இது போதும். எரர்னு எழுதி விக்கிற ஹோல்டர்ல என்ன எரர், எடை எவ்ளோன்னு எழுதணும்னு ஸ்டால் புக் பண்ணும்போதே விதி போடுங்க. டேமேஜ்னு தெரிஞ்சா அன்னைக்கே பணம் திருப்பித் தரணும்.

அந்த பையன் காயினை திருப்பிக் கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டான், டிரேல டேமேஜ் பக்கத்துல வைக்க தர்றேன்னு சொல்றான். டேபிள்ல உக்கார ஆள் இல்லன்னா நான் வர்றேன், அவனும் வருவான், தராசும் லூப்பும் நாங்களே கொண்டு வந்துடுறோம்.

அன்போட,
உங்க கண்காட்சிக்கு வர்ற ஒரு சேகரிப்பாளன்