குவாண்டம் கணினி வரும் தேதியைவிட நம் சாவிக் கணக்கு அவசரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குவாண்டம் கணினிக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் என்றால் என்ன என்பதைக் கணிதம் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதுவது லேசான காரியமல்ல. ஆனால் கடைசிப் பத்தி உறுத்தியது. இன்றைய குறியாக்கத்தை உடைக்கிற அளவுக்குப் பெரிய கருவி வர இன்னும் நாளாகும், அதுவரை கவலை வேண்டாம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருப்பவன் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

எது உடையும், எது உடையாது என்பதைக் கட்டுரை பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஓர் இணையதளத்தோடு நம் கணினி பேசத் தொடங்கும்போது, முதலில் இரண்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்கின்றன. பிறகு அந்தச் சாவியைக் கொண்டு ஏஇஎஸ் போன்ற முறையில் தகவலைப் பூட்டுகின்றன. பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் 1994இல் குவாண்டம் கணினிக்காகக் கண்டுபிடித்த வழிமுறை அடிப்பது முதல் கட்டத்தை. அந்தக் கட்டத்தில் பயன்பட்டு வந்த ஆர்எஸ்ஏ, எலிப்டிக் கர்வ் என்ற முறைகள் இரண்டும் அதில் விழும். ஒரு தகவல் உண்மையான இடத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பங்களும் இதே கணிதத்தில்தான் நிற்கின்றன, ஆகவே அவையும் விழும். ஏஇஎஸ்-256 தாக்குப்பிடிக்கும். எல்லாமே சரிந்துவிடும் என்ற பீதி தேவையில்லை. ஆனால் முதல் கட்டம் போனால் இரண்டாவது எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

சரி, கருவிதான் இன்னும் வரவில்லையே என்றால், இன்று கம்பிவழியே போகிற தகவலைப் பூட்டோடு அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்ள எந்தக் குவாண்டம் கணினியும் வேண்டாம். வட்டில் இடம் இருந்தால் போதும். கருவி வந்த பிறகு நிதானமாகத் திறக்கலாம். சில நிமிடங்களில் காலாவதியாகிற ஓடிபி பற்றி யாருக்கும் கவலையில்லை. மருத்துவப் பதிவு, மரபணுத் தகவல், அரசாங்கங்களின் கடிதப் போக்குவரத்து ஆகியவை அப்படியல்ல. மிஷேல் மோஸ்கா என்ற ஆய்வாளர் இதற்கு எளிய கணக்கு ஒன்று சொல்வார். தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும், முறையை மாற்ற எத்தனை ஆண்டு பிடிக்கும், இரண்டையும் கூட்டுங்கள். ரகசியம் 15 ஆண்டு, மாற்றம் 8 ஆண்டு என்று வையுங்கள், 23. கருவி 20 ஆண்டு கழித்து வந்தால்கூட நாம் ஏற்கெனவே 3 ஆண்டு பிந்திவிட்டோம்.

அந்த 20 என்ற எண்ணையும் நம்ப முடியாது. 2048 பிட் ஆர்எஸ்ஏவை, அதாவது 617 இலக்க எண்ணை, உடைக்க 2 கோடி கியூபிட்டும் 8 மணி நேரமும் வேண்டும் என்று கிரெய்க் கிட்னி, மார்ட்டின் எகெரா என்ற ஆய்வாளர்கள் 2019இல் கணக்குப் போட்டார்கள். 2025இல் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். இடையில் கருவிகள் எவ்வளவு வளர்ந்தன என்பது வேறு கதை. தேவைப்படும் அளவே இப்படிச் சுருங்கிவிட்டது.

மாற்று முறைகள் தயார். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் முறைகளைத் தேட 2016இல் தொடங்கிய தேர்வின் முடிவில், 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. சிக்னல், ஐமெசேஜ், குரோம் எல்லாம் புதிய வகைச் சாவிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டன. வாசகர்கள் பலர் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

தலைவலி திரைக்குப் பின்னால். குரோம் 2024இல் புதிய முறையை இயல்பாகவே இயக்கியபோது நடந்ததைப் பாருங்கள். பழைய முறையில் 32 பைட்டாக இருந்த பொதுச் சாவிக்கு (மறைக்காமல் எதிர்முனைக்கு அனுப்பும் சாவி) பக்கத்தில் புதிதாக 1184 பைட் வந்து உட்கார்ந்தது. உலாவி அனுப்பும் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில், அதாவது இணையத்தில் ஒரே தடவையில் போகும் துண்டில், அடங்கவில்லை. அது எப்போதும் ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று நினைத்து எழுதப்பட்ட சில சர்வர்களும் நடுவழிக் கருவிகளும் இணைப்பையே துண்டித்தன. குறியாக்கத்தில் ஒரு குறையும் இல்லை. யாரோ எப்போதோ எழுதிவிட்டு மறந்த நிரலில்தான் கோளாறு.

நான் வேலை செய்யும் இடத்திலும் எங்கெல்லாம் எந்தச் சாவி இருக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தோம். இணையதளச் சான்றிதழ்கள் சுலபமாகக் கிடைத்தன. அப்புறம்தான் வேடிக்கை. காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள் சாவி அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு விபிஎன் பெட்டிக்கு அப்டேட் வருவதே நின்றுவிட்டது. பட்டியல் இன்னும் முடியவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது கையொப்பம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மின் மீட்டர், கார், மருத்துவக் கருவி போன்றவை தமக்கு வரும் அப்டேட் உண்மையானதா என்று பார்க்க, ஒரு பொதுச் சாவியைத் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பதித்துக்கொண்டு வருவதுண்டு. இன்று விற்கிற பொருள் 15, 20 ஆண்டு உழைக்கும். சாவியை மாற்ற வழி வைக்காமல் விட்டால், போலி அப்டேட்டையும் அது ஒருநாள் நிஜமென்று ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு பொருளையே கழற்றி வீச வேண்டியதுதான்.

அவசரப்பட்டு எதையாவது வாங்கிப் பொருத்துவதும் ஆபத்து. நிஸ்ட் தேர்வில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை, 2022இல் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியில், அதன் செயலியின் ஒரே ஒரு கோரில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் எதுவும் தேவைப்படவில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்துப் பூட்டும் கலப்பு முறையைப் பலர் பரிந்துரைப்பது இதனால்தான். 'குவாண்டம் பாதுகாப்பு' என்று முத்திரை குத்தி, உள்ளே இருக்கும் முறையின் பெயரைச் சொல்லாமல் விற்கிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

2030க்குப் பிறகு 2048 பிட் ஆர்எஸ்ஏவைக் கைவிடத் தொடங்கி, 2035க்குப் பிறகு அறவே தடுக்க வேண்டும் என்கிறது நிஸ்டின் வரைவு. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் 2035ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. ஆனால் எங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை அது 2028க்குள் முடிக்கச் சொல்கிறது. தனிநபர்கள் செய்ய அதிகமில்லை. கைபேசியையும் உலாவியையும் அப்டேட் செய்து வைத்தால் போதும், பாஸ்வேர்டை மாற்றுவதால் இந்தச் சிக்கல் தீராது. அடுத்த கட்டுரைக்கு ஆள் அனுப்பும்போது, குவாண்டம் ஆய்வகத்துக்குப் பதிலாக மீட்டரும் மருத்துவக் கருவியும் செய்கிறவர்களிடம் அனுப்புங்கள். விற்ற பொருளில் இருக்கும் சாவியை எப்படி மாற்றப்போகிறார்கள் என்று கேட்டு, பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் வாசகர்