நடிகை எழுதிய நாவலுக்கு எந்த அலமாரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் மறுமொழி சொன்னதையும், பம்பாயில் இம்பீரியல் கம்பெனியார் அப்படத்தைத் தயாரித்ததையும், பிறகு 1936-இல் ‘மிஸ் கமலா’ படத்தை ராஜலட்சுமியே இயக்கித் தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றதையும் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருந்தார். அவருக்கு என் நன்றி. ஆனால், ‘மிஸ் கமலா’வின் கதை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு வரி கூட அதில் இல்லை. அது ராஜலட்சுமி எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலிலிருந்து வந்தது. ‘விமலா’ முதலிய வேறு நாவல்களையும் அவர் எழுதியிருக்கிறார். கட்டுரையின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பில் நடிகை, பாடகி, இயக்குநர், தயாரிப்பாளர் என்று நான்கு சொற்கள் இருந்தன. நாவலாசிரியர் என்ற ஐந்தாவது சொல்லைக் கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதைக் கட்டுரையாளர் ஒருவருடைய கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வட்டாரத்தில் தமிழாசிரியையாக இருந்தவள் நான். தமிழ் நாவலின் வரலாற்றை வகுப்பில் நடத்தியபோது, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் தொடங்கி, ராஜம் ஐயர், மாதவையா என்று வந்து, பெண்களில் வை. மு. கோதைநாயகியைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவேன். ராஜலட்சுமியின் பெயர் என் பாடக் குறிப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், ஒரு நூலில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்த செய்தியைக் கண்டு, ‘கமலவல்லி’யைத் தேடத் தொடங்கினேன். நான் போன ஒரு நூலகத்தில், நாவல் அடுக்கின் அருகே நின்றுகொண்டு பெயரைச் சொன்னதும், பொறுப்பில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடுதான், “அம்மா, அது சினிமாப் பகுதி, அந்த மூலைக்குப் போங்க” என்றார். நான் நாவல் கேட்கிறேன் என்று மீண்டும் சொன்னேன். “நடிகை எழுதினதுதானேம்மா, அங்கேதான் இருக்கும்” என்றார். அங்கே நடிகர்களின் வாழ்க்கை வரலாறுகளும் பாட்டுத் தொகுப்புகளும் இருந்தன. நான் தேடிய நூல் இல்லை. அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் பாடக் குறிப்பில் இருந்த அதே வழக்கத்தைத்தான் அவரும் பின்பற்றினார்.

நடிப்பிலிருந்து எழுத்துக்கு வருவதை ஒரு விநோதமாகப் பார்ப்பதனால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது என்று நினைக்கிறேன். நம் திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை விழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதில் விநோதம் எதுவும் இருக்க முடியாது. தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடல்களே இன்றுவரை அந்த நாடகத்தின் முதுகெலும்பு. ஆனால் ஸ்பெஷல் நாடகம் என்பது எழுதி வைத்ததை ஒப்பிக்கும் கலை அன்று. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், கோமாளியாக வரும் பபூனும் ஆர்மோனியக்காரரும் மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதையின் போக்கும் பாடல்களும் எல்லோருக்கும் தெரியும். இடையில் வரும் பேச்சு அன்றைக்கு அன்றே பிறப்பது. தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தை நினைத்துப் பாருங்கள். நாரதர் எங்கிருந்து கேள்வியைக் கொண்டுவருவார் என்று வள்ளிக்குத் தெரியாது. புராணத்திலிருந்து கேட்பார், திருக்குறளிலிருந்து கேட்பார், அந்த ஊர் நடப்பிலிருந்தும் கேட்பார். ஆர்மோனியம் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு மூச்சுக்குள் வள்ளி தன் மறுமொழியைக் கட்டியாக வேண்டும். அது பாத்திரத்துக்குப் பொருந்த வேண்டும், சபை ஏற்க வேண்டும், எதிராளியின் வாயை அடைக்க வேண்டும், அடுத்த பாட்டுக்கு வழியும் விட வேண்டும். ஒரு மணி நேரம், சில இரவுகளில் அதற்கும் மேலாக, இப்படியே நடக்கும். இதை ஆண்டுக்கணக்கில் செய்து பழகிய ஒரு பெண் உரையாடல் எழுதுவதற்கு யாரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும்? கையில் பேனாவைப் பிடிப்பதற்கு முன்பே அவள் ஆயிரம் பக்கம் இயற்றியிருப்பாள். அவற்றை எழுதி வைக்க ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு. கோதைநாயகி அம்மையாரும் எழுதப் பழகாத நாளில், தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதித்தான் தம் முதல் படைப்பை உருவாக்கினார் என்பதும், அந்த முதல் படைப்பு ஒரு நாடகம் என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை.

ராஜலட்சுமி இந்த மரபுக்குள் வளர்ந்தவர். 1911-இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, பத்து வயது நிறைவதற்கு முன்பே மணம் முடிக்கப்பட்டு, அந்த மணம் நிலைக்காமற் போய், தந்தையையும் இழந்த நிலையில் தாயோடு திருச்சிக்கு வந்து, சாமண்ணா ஐயரின் நாடகக் கம்பெனியில் அவர் சேர்ந்தார். அந்தச் சிறுமியின் திறமையை அடையாளம் கண்டு பரிந்துரைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகளே என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்படியாயின், தூத்துக்குடிச் சுவாமிகளின் கடைசிக் காலத்து நன்மைகளுள் அதுவும் ஒன்று. ஆண் சிறுவர்களே பெண் வேடம் கட்டிய பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பெண்ணாகப் பிறந்து பெண் வேடம் கட்டியவர்களுக்கு மேடையில் கிடைத்த கைத்தட்டல் தெருவில் மரியாதையாக மாறியதில்லை. மேடையில் பாடிய தேசபக்திப் பாடல்களுக்காக ஆங்கிலேய அரசின் நடவடிக்கைக்கும் அவர் உள்ளானார். மௌனப் படங்களில் நடித்த பிறகு பேசும்படத்துக்கு வந்தார். 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ பெரும் வெற்றி பெற்றது. சொந்தக் கம்பெனி தொடங்கியதும், தம்முடைய நாவலைத் தாமே படமாக்கினார். ‘மிஸ் கமலா’வுக்குக் கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு ஆகிய எல்லாமே அவருடையவை. தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார் என்று அறியும்போது, அந்தக் கதை அவருக்கு எவ்வளவு அணுக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1964-இல் மறைந்தார்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அ. மாதவையா. நம் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அவர், ‘பத்மாவதி சரித்திர’த்தை 1898-இலும், ‘முத்துமீனாட்சி’யை 1903-இலும் வெளியிட்டார். பின்னதில், சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு விதவையான ஒரு பெண்ணே தன் கதையைத் தன்னிலையில் சொல்வதாக அமைத்தார். ஓர் ஆண், அதுவும் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தம் சாதியாரின் சினத்தைப் பொருட்படுத்தாமல், ஒரு பெண்ணின் வாயிலிருந்து அந்த வழக்கைப் பேசவைத்தது பெரிய காரியம். அதை நான் என் மாணவிகளிடம் எத்தனையோ முறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஆனால் மாதவையா கற்பனையில் எந்தப் பெண்ணின் குரலை உண்டாக்கினாரோ, ஏறக்குறைய அந்த நிலையிலேயே வளர்ந்த ஒரு பெண், ஒரு தலைமுறைக்குப் பின்னர், தாமே பேனாவை எடுத்துத் தம் பெயரைப் போட்டு நாவல் எழுதியிருக்கிறார். முன்னதைப் பாடமாக வைத்த நாம் பின்னதை ஏன் தேடிக்கூடப் பார்க்கவில்லை? இந்த இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க ஒரு மாணவிக்கு வாய்ப்புக் கிடைத்தால், குழந்தை மணத்தைப் பற்றியும், பெண்ணின் குரல் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றியும் அவள் எழுதக்கூடிய ஆய்வேட்டை நான் இப்போதே வாசிக்க விரும்புகிறேன்.

‘மிஸ் கமலா’ வெளிவந்த அதே 1936-இல்தான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்துத் தம் நாவலை வெளியிட்டார். அவர் சுயமரியாதை இயக்கத்தின் பெயரால் நினைக்கப்படுகிறார். கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழின் பெயரால் நினைக்கப்படுகிறார். ராஜலட்சுமிக்குப் பின்னால் இயக்கமும் இல்லை, இதழும் இல்லை. அவருடைய முகம் மட்டும் நின்றது.

‘கமலவல்லி’ ஒப்புயர்வற்ற இலக்கியம் என்று வாதிட நான் வரவில்லை. அதைக் கையில் எடுத்து முழுவதுமாக வாசிக்கும் பேறு எனக்கு இன்னும் கிட்டவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அது நல்ல நாவலா, சுமாரான நாவலா என்று நான் வாசித்து முடிவு செய்ய வேண்டும். வாசிக்காமலே ‘நடிகை எழுதியது’ என்று ஒதுக்குவதும், வாசிக்காமலே ‘முதல் பெண்’ என்று போற்றுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

என் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் சில பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அந்நாளில் கொட்டகை வாசலில் படத்தின் கதைச் சுருக்கத்தையும் பாடல்களையும் அச்சிட்டுச் சில காசுக்கு விற்பார்கள். அவற்றுள் ஒன்றில் ராஜலட்சுமியின் படம் இருந்தது. அட்டை பழுப்பேறி, ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. மத்தியான வேளையில் வீட்டுக் கூடமான பட்டாசலில் உட்கார்ந்து ஆச்சி உரக்க வாசிக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள். அவர் வாசித்த நாவல்களுக்கு முன்பக்கமே இருக்காது. கைமாறிக் கைமாறி வந்தவை. நாவல் வாசிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று வீட்டு ஆண்கள் சொல்லிவந்த காலம் ஆதலால், தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் புத்தகம் அரிசிப் பானைக்குள் போய்விடும் என்று ஆச்சி சொல்வார். அந்த முன்பக்கம் இல்லாத புத்தகங்களில் ஒன்று ‘கமலவல்லி’யாக இருந்திருக்குமோ என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வீட்டை இடித்துக் கட்டியபோது பெட்டியோடு எல்லாம் போயிற்று. எனக்கு மிஞ்சியவை மூன்று பாட்டுப் புத்தகங்களே. ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. திரைச்சுருள் அழிந்த படங்கள் பலவற்றுக்கு இத்தகைய மலிவுத் தாள்களே சாட்சி.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அடுத்த இணைப்பிலேயே ராஜலட்சுமியை நாவலாசிரியராகக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நான்கு வரி போதும். அதனோடு, பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்களில் பழைய வீடுகளை வைத்திருப்போர் தங்கள் பரணிலும் மச்சிலும் கிடக்கும் 1940-க்கு முற்பட்ட நாவல்களையும் நாடக, சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்குமாறு ஓர் அறிவிப்பும் வெளியிட வேண்டுகிறேன். நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா பிறந்த செங்கோட்டையில் மட்டுமே எத்தனை வீடுகளில் இத்தகைய தாள்கள் கிடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மூலத்தைக் கொடுக்க மனம் வராதவர்கள், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் நகலெடுத்துக்கொண்டு திரும்பத் தரும்படி கேட்கலாம். ஒரு நாடகத்தின் ஆசிரியருடைய பெயரையே தாங்கி நிற்கும் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை, மேடையிலிருந்து நாவலுக்கு வந்த பெண்களின் எழுத்தை ஒரு பாடத்தாளாக வைக்க முன்வந்தால், என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

ஆச்சியின் மூன்று பாட்டுப் புத்தகங்களையும் படியெடுத்துக்கொள்வதற்காக, வருகிற வெள்ளிக்கிழமை காலை தங்கள் திருநெல்வேலி அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். தாள் மிகவும் நொறுங்கும் நிலையில் இருப்பதால், பக்கங்களை நானே புரட்டித் தருவதற்கு இசைய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை.