ஆயாவுக்கு அந்த மாத்திரை வேண்டாம் கயல்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகள் கயலுக்கு,

மூளையில் இருக்கும் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் ஆயாவின் அல்சைமர் மறதிநோய் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தூரத்தில் இருந்துகொண்டு நீ துடிப்பது எனக்குப் புரியாதா? ஆனாலும் அதைக் கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படிம்மா.

மூளைக்கென்றே காவல் செல்கள் இருக்கின்றன. மைக்ரோகிளியா என்று 1919-இல் பெயர் வைத்தவர் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்ட்டேகா. சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் அவை மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையிலேயே இதைப் பார்த்தார்கள். விலங்கியல் நடத்திய எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. இந்தச் செல்கள் அதைச் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கும். தீராமல் படிந்துகொண்டே போனால் வீக்கம் உண்டாக்கும் ரசாயனங்களைக் கக்கும். நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். சாயங்காலமானால் ஆயா சுருக்குப்பையைத் திறந்து சில்லறையை மடியில் கொட்டி எண்ணுவார். பாதியில் நிறுத்தி, "கெடிலத்துல தண்ணி வந்துடுச்சா?" என்பார். "வந்துடுச்சும்மா" என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். உள்ளே எந்த இணைப்பு போயிற்றோ என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்தச் செல்களை அடக்கிவிட வேண்டியதுதானே என்பாய். ட்ரெம்2 என்ற மரபணு மூளையில் முக்கியமாக இந்தச் செல்களில்தான் வேலை செய்கிறது. அதில் ஒரு மாற்றம் வந்து வேலை குறைந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு என்று 2013-இல் தெரிந்தது. காவல் தளர்ந்தாலும் ஆபத்துதான். புதிதாக வந்த லெக்கானிமாப் மருந்துகூட அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு, அதை அள்ள இந்தச் செல்களைத்தான் கூப்பிடுகிறது. ஒடுக்கிவிட்டால் யார் அள்ளுவது?

மூட்டுவலிக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் இந்த நோய் குறைவாக இருந்தது உண்மை. அதை நம்பி அமெரிக்காவில் முதியவர்களுக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற அந்த வகை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து என்ற பயத்தில் 2004-இல் நிறுத்திவிட்டார்கள். நோயையும் அது தடுக்கவில்லை. ஆயாவுக்கோ பிரஷரும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. வயிறும் சிறுநீரகமும் வேறு கெட்டுப்போக வேண்டுமா?

பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். காது மந்தமாகிவிட்டதால் மெஷின் வாங்கியாயிற்று. காலையில் வெயிலுக்கு முன் தெருமுனை வரை நடக்கிறார். அடுத்த வாரம் ஜிப்மருக்குப் போகிறோம். உன் போனில் இருக்கும் பழைய ஸ்கேன் படத்தை அதற்குள் அனுப்பிவிடு. அப்புறம், ஆயாவிடம் பேசுவதாக இருந்தால் இங்கே காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, அப்போதுதான் தெளிவாக இருக்கிறார். "நான் யார் தெரியுதா?" என்று கேட்காதே, எடுத்ததுமே "கயல் பேசறேன் ஆயா" என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா