மளிகைக்கடைக்குள் மலைப்பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கன்ட்ரி இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு குறை: கன்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லைத் தாண்டிக் கட்டுரை நகரவே இல்லை. அந்த ஊர் சந்தை. சரக்கு வந்தது மலையிலிருந்து.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், கிளிஞ்ச் மலையடிவாரத்து ஹில்டன்ஸுக்குப் போனோம். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்துக் குழுவின் தலைவர் ஏ.பி. கார்ட்டர் நடத்திய மளிகைக்கடை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1927 ஆகஸ்டில் அவரும், மனைவி சாராவும், சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல்லும் பக்கத்து ஊரான பிரிஸ்டலுக்குப் போய் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஆறு பாட்டுப் பாடிக்கொடுத்தார்கள். மேபெல்லுக்கு அப்போது 18 வயது, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த தந்திகளில் மெட்டு, மற்ற விரலால் தாளம் என்று அவர் வாசித்த முறையைத்தான் பிறகு ஊரே பழகியது.

கடைக்குள் பழைய இசைத்தட்டுகள், போட்டோக்கள், மேடை உடுப்புகள். அரை மணியில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பாட்டுகள் வந்த வழி இருக்கிறதே, அது பெரிய கதை. ஏ.பி. வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலைப் பறிகொடுத்தவர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் பிடித்துக்கொள்வார். இசைத்தட்டில் பெயர் மட்டும் ஏ.பி.க்கு! 1960களில் நாட்டுப்பாடல் கலைஞர் மைக் சீகர் தேடிப்போய்ப் பதிவு செய்ததால்தான் ரிடில் கிட்டாரையே நாம் இன்று கேட்க முடிகிறது. உங்கள் கட்டுரையிலும் அவர் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

1974-இல் ஏ.பி.யின் மகள் ஜேனட் இந்தக் கடையிலேயே சனிக்கிழமைக் கச்சேரியை ஆரம்பித்தார். கூட்டம் தாங்காமல் தம்பி ஜோ பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டார். மின்சார வாத்தியங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு. மேபெல்லின் மகளைக் கட்டிய வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே! அவர் கடைசியாகப் பாடியதும் அந்த மேடையில்தான், 2003 ஜூலை 5 அன்று.

நாங்கள் போன அன்று பாஞ்சோவும் ஃபிடிலும் தொடங்கியதுமே எழுபதைத் தாண்டிய பெண்கள் எழுந்து மேடைக்கு முன்னால் ஆடப் போய்விட்டார்கள். ஷூவுக்கு அடியில் உலோகத் தகடு. சலங்கைக்கு அது ஈடு. என் மகள் என்னையும் இழுத்தாள். நான் முழங்கால்வலியைச் சொல்லித் தப்பித்தேன்.

கட்டுரையாளர் அடுத்த முறை போனால் சனிக்கிழமையாகப் பார்த்துப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி