உன் தம்பி மில்லின் உமி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் கடற்கரை வரை நடக்கிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு ஒரு பெட்டிதான் காரணம். அதில் உனக்கும் பங்கு உண்டு. உன் தம்பி மில்லிலிருந்து வந்த உமிதான் அதற்குள் இருக்கிறது.

பள்ளிகளுக்கிடையே ஒரு அறிவியல் போட்டி. பிள்ளைகள் தாங்களே ஒரு பெட்டி செய்து கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கமும் 20 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 250 மி.லி. பீக்கரில் 100 மி.லி. வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார்கள். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அரை மணி நேரம் கழித்து வெப்பநிலை பார்ப்பார்கள். பிளாஸ்க் கூடாது, மின்சாரம் கூடாது. இன்னொன்றும் உண்டு. அரை மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை டிகிரி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், இரண்டு பெண்கள், ஒரு பையன். முதலில் எல்லோரையும் போல தெர்மோகோல்தான். பையன் நன்றாக அளந்து வெட்டி, வீட்டில் இருந்த செருப்புப் பசையைத் தடவி ஒட்டினான். மறுநாள் காலையில் பார்த்தால் பசை பட்ட இடமெல்லாம் சர்க்கரை கரைந்த மாதிரி குழி விழுந்திருந்தது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். நான்தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கண் கலங்கி நின்றவனிடம் உமி கொண்டு வரச் சொன்னேன்.

உமி நம் ஊரில் குப்பை மாதிரி கிடக்கிறது. ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் அது தெர்மோகோலுக்குக் கொஞ்சம்தான் பின்தங்கும். தடுக்கிற வேலையைச் செய்வது உமி இல்லை, அதற்குள் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்றுதான். ரொம்ப அமுக்கினால் காற்று வெளியேறிவிடும். தளர்வாக விட்டால் காற்று உள்ளேயே சுற்றி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஈரம் மட்டும் ஆகவே ஆகாது, தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் பள்ளி மொட்டை மாடியில் பாய் விரித்து இரண்டு நாள் உமியைக் காய வைத்தார்கள். பிறகு ஒரு அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டியை வைத்து, நடுவில் உமியைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினார்கள்.

முதல் சோதனையில் 75 டிகிரி தண்ணீர் அரை மணியில் 61க்கு வந்துவிட்டது. சுவரை 4 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. ஆக்கினார்கள். அப்போதும் 62தான். உள்பக்கம் ஃபாயில் தாள் ஒட்டினார்கள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பீக்கரோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் உலோகம்தான், நடுவில் கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தால்தான் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும் என்று விளக்கினேன். இடைவெளி விட்டுப் பார்த்ததிலும் அரை டிகிரிதான் கிடைத்தது. எனக்கும் அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்போது இரண்டு பெண்களில் குட்டியாக இருப்பவள் பெட்டியின் மூடியைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். விரலால் துடைத்து, “சார், இது பீக்கர்ல இருந்ததுதானே?” என்றாள். அவள் அப்பா நகை ஆசாரி. மறுநாள் அவர் பொன் நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசைத் துணியில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தாள். வைப்பதற்கு முன்னால் பீக்கரை நிறுத்தோம். அரை மணி கழித்து மறுபடி நிறுத்தோம். ஒன்றரை கிராம் குறைந்திருந்தது.

ஒன்றரை கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூட்டில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2300 ஜூல் வேண்டும். 100 கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குறைய 420 ஜூல் போனால் போதும். பீக்கர் கண்ணாடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த ஒன்றரை கிராம் மட்டுமே 7 டிகிரி வரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இழந்த சூட்டில் ஏறக்குறைய பாதி! நாங்கள் ஒரு வாரமாகச் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டிருந்தோம், வெப்பம் மேல்பக்கமாக ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

வெப்பம் போகிற வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்றையும் இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆவியாதலும் அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பமும் வேறு பாடத்தில் வருகின்றன. அந்தப் பாடத்தை இந்தப் பெட்டியோடு சேர்த்துப் பார்க்க என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவே இல்லை. உன் அம்மா வடித்த சோற்றுப் பானையைத் தட்டுப் போட்டு அழுத்தி மூடிய பிறகுதான் சாக்கைச் சுற்றுவார்கள், நினைவிருக்கிறதா? மதியம் மூன்று மணிக்கு நாம் போனாலும் சோறு சூடாகவே இருக்கும். சாக்குதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதல் காரணம் அந்தத் தட்டு.

பிறகு பீக்கர் வாயில் ஃபாயில் தாளை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு, அதன் மேல் பஞ்சு வைத்தோம். தெர்மாமீட்டர் நுழையும் ஓட்டையையும் பஞ்சால் அடைத்தோம். 75 டிகிரி தண்ணீர் 68ல் நின்றது. மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

அடுத்தது கணிப்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பையன் முதலில் “ஏழு டிகிரி குறையும்னு எழுதிடலாம் சார்” என்றான். குறைவது தண்ணீரின் சூட்டை மட்டும் பொறுத்தது இல்லை, தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்று சொல்லி, நியூட்டனைப் பற்றிச் சொன்னேன். 1701ல் அவர் தன் பெயர் போடாமலே இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார் என்றதும் ஏன் போடவில்லை என்று அரை மணி கேள்வி. எங்கள் வராந்தாவில் 31 டிகிரி. ஆரம்பத்தில் வித்தியாசம் 44, கடைசியில் 37. அதாவது 100க்கு 84 பங்கு மிஞ்சுகிறது. வேறு வேறு சூட்டில் ஆறு தடவை செய்து பார்த்தோம், எல்லாம் 83க்கும் 85க்கும் நடுவில்தான் வந்தது. சீரான கோடு விழுந்த அந்த வரைபடத்தாளை இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போட்டி நடந்த மண்டபம் ஏசி. உள்ளே நுழைந்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது, நாங்கள் செய்த சோதனை எல்லாம் வெயில் காற்றில். ஆசிரியர்கள் ஓரமாக நிற்க வேண்டும், பேசக் கூடாது. அந்தக் குட்டிப் பெண் மட்டும் சுற்றிப் பார்த்தாள். தெர்மாமீட்டரைப் பெட்டியில் சொருகாமல் மேஜை மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 24 டிகிரி. அவர்களுக்குக் கிடைத்த தண்ணீர் 72. வித்தியாசம் 48, அதில் 84 பங்கு என்றால் 40, அதோடு 24. தாளில் 64 என்று எழுதி மடித்துக் கொடுத்தார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் 63.5.

வெப்பத்தைக் காத்ததில் மூன்றாம் இடம், கணிப்பில் முதல் இடம். முதலாவதாக வந்த பெட்டிக்குள் இலவம்பஞ்சு இருந்தது. நம் பிள்ளைகள் கூச்சப்படாமல் போய்க் கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் நம் உமியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். பரிசைவிட எனக்கு அந்தக் காட்சிதான் கண்ணிலேயே நிற்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சென்னை ஐஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன். 1833ல் அமெரிக்கப் பனிக்கட்டி வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பலில் 180 டன் பனிக்கட்டி ஏறியது, நான்கு மாதம் கழித்து ஏறக்குறைய 100 டன் கரையாமல் இறங்கியது. டியூடர் பனிக்கட்டிக்கு மரத்தூளைத்தான் நம்பினார். நீ தினமும் நடக்கிற வழியில் இருக்கும் அந்த வட்டமான கட்டடம் அவருடைய பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான் என்றதும், “விவேகானந்தர் தங்கின வீடுதானே சார் அது?” என்றான் பையன். சூட்டை உள்ளே வைக்கவும் குளிரை உள்ளே வைக்கவும் ஒரே பெட்டி போதுமா என்று பெண்கள் கேட்டார்கள். போதும் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை செய்து பாருங்கள் என்றேன். கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கி வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே மாத லீவில் மூன்று பேரையும் சென்னைக்குக் கூட்டி வந்து அந்தக் கட்டடத்தைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆசாரி வீட்டம்மாவும் கூட வருகிறார். இரண்டு நாள் உன் வீட்டு மாடியில் தங்க இடம் கிடைக்குமா என்று வீட்டில் கேட்டுச் சொல். முடியாது என்றால் தயங்காமல் எழுது, வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். உன் தம்பி உமிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். பெட்டியை ஒரு தடவை மில்லுக்குக் கொண்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி