சவாரி வேண்டாம், பாகனைக் கைவிடவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தாய்லாந்துப் பயணக் கட்டுரை, சியாங் மாய் செல்பவர்கள் யானைச் சவாரியைத் தவறவிடக் கூடாது என்கிறது. படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு அருகில் ஒரு முகாமில் நானும் டிக்கெட் வாங்கினேன். ஏறுமேடையில் நின்றபோது யானையின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருக்கையை இழுத்துக் கட்டிய கயிறு வாலின் அடியில் உரசி உரசி, அந்த இடத்துத் தோல் வெளிறித் தழும்பேறியிருந்தது. நான் ஏறவில்லை. எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் ஏறியது.

‘சவாரி இல்லை, குளிப்பாட்டல் மட்டும்’ என்னும் விளம்பரத்தையும் நம்பிவிட முடியாது. நாள் முழுவதும் வந்துபோகும் அந்நியர்கள் நடுவே யானை சொன்னபடி நிற்க வேண்டும். 2025 ஜனவரியில், தெற்கே யாவ் யாய் தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி அந்த யானை தாக்கியே இறந்தார்.

அதற்காக யானை முகாம்களுக்குப் போகவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1988 வெள்ளத்தில், மரம் வெட்டி மொட்டையான மலைகள் சரிந்து தென் தாய்லாந்துக் கிராமங்கள் புதைந்தன. 1989 ஜனவரியில் அரசு மரம் வெட்டத் தடை விதித்தது. நல்ல முடிவுதான். ஆனால் தேக்கு இழுத்த யானைகளுக்கும் பாகர்களுக்கும் ஒரே நாளில் பிழைப்புப் போயிற்று. பாங்காக் தெருக்களில் யானையை நிறுத்தி, அதற்கு ஊட்டுவதற்கென்று கரும்பை வழிப்போக்கர்களிடம் விற்றார்கள். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீனியாவது வேண்டுமே! பின்னர் பிழைப்புத் தந்த சுற்றுலா முகாம்களும் 2020இல் கொரோனாவால் மூடியபோது, கரென் என்னும் மலைவாழ் இனத்துப் பாகர்கள் பலர் யானைகளை மலைக்கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள்.

வியட்நாமின் யோக் தோன் தேசியப் பூங்கா 2018இல் சவாரியை விட்டுவிட்டு, காட்டில் மேயும் யானைகளைத் தள்ளி நின்று பார்க்கும் சுற்றுலாவுக்கு மாறியது. பாகர்களின் வேலையும் நிலைத்தது. கம்போடியாவின் அங்கோரிலும் 2020இல் சவாரி நின்றது. நம் காசு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகட்டும்.

அடுத்த சுற்றுலாச் சிறப்பிதழில், பயண முகவரிடம் கேட்க வேண்டியவற்றைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்: முதுகில் இருக்கை உண்டா? பயணிகள் தொடுவார்களா? குட்டி தாயோடு இருக்கிறதா? எத்தனை மணி நேரம் சங்கிலி? எங்கள் குழுவில் பதினாறு பேர். புறப்படும் முன் இவற்றை நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி