சபை வரலாறு எழுதப்போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

நம் கிருஷ்ணகிரி சபையின் மலருக்கு வரலாறு எழுத நீ ஒத்துக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. உட்காரும் முன் இதை ஒருதரம் படித்துக்கொள்.

மலர்களில் வழக்கமாக என்ன வரும்? மிஷனெரி வந்தார், ஆலயம் எழும்பியது, பிறகு இன்னின்ன போதகர்கள் ஊழியம் செய்தார்கள் என்று ஒரு பட்டியல். அதோடு நிறுத்திவிடாதே அம்மா. போதகர்கள் சில வருஷம் இருந்து மாற்றலாகிப் போகிறவர்கள். ஊரோடு இருந்தது சபையார்தான். அவர்கள் பெயர் இருப்பது ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விவாகப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும். ஆரம்பம் அங்கேதான்.

அதற்கு முன் வம்சாவளியைச் சரியாகப் பிடித்துக்கொள். நம் பக்கத்துச் சபைகளை எல்லாம் ஒரே மிஷனின் பிள்ளைகள் என்று நினைத்து எழுதுகிறார்கள். சேலத்தில் லண்டன் மிஷன் வேலையை 1827ல் ஹென்றி கிறிஸ்ப் தொடங்கினார். அந்த வழி வந்த சபைகள் 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.க்குள் வந்தன. நம் கிருஷ்ணகிரி லூத்தரன் சபையின் வேர் வேறு. வேத வசனத்தின் தெய்வீக ஏவுதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் ஜெர்மனியின் லைப்சிக் லூத்தரன் மிஷனைவிட்டு விலகிய தியோடர் நேதர், அமெரிக்காவின் மிசௌரி சினோடு என்ற லூத்தரன் சபை அமைப்பு அனுப்பி 1895ல் கிருஷ்ணகிரிக்கு வந்தார். அந்தச் சினோடுக்கு இந்தியாவில் முதல் நிலையம் இதுதான். அவரோடு சேர்ந்து அனுப்பப்பட்ட மோன் மறுவருஷம் ஆம்பூரில் தொடங்கினார். நேதர் 1904ல் இங்கேயே பிளேக் நோயில் இறந்தார். இந்த லூத்தரன் சபைகள் சி.எஸ்.ஐ.யில் சேரவில்லை, இந்திய இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை (ஐ.இ.எல்.சி.) என்று தனியாக நிற்கின்றன. ஒன்றின் ஆண்டை மற்றொன்றின் தலையில் வைத்தால் முழு மலரும் பிழையாகிவிடும்.

ஜில்லாவிலும் கவனம் வேண்டும். பழைய தாளில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் அதைத் திருத்தாதே. 1965 அக்டோபர் 2ல்தான் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிறந்தது. 2004ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலத்தோடு இருந்தது. கடிதங்களைத் தேடுகிறவர்கள் இது தெரியாமல் வேறு ஜில்லாவின் காகிதக் கட்டுகளில் தேடிக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இப்போது பதிவேடு. எடுத்தவுடன் புரட்டாதே. தாள் நொறுங்கினால் அடியில் ஒரு அட்டையைக் கொடுத்துப் பக்கத்தைத் தூக்கு. எச்சில் தொட்டுப் புரட்டவே கூடாது. பழுப்பாகிப்போன பழைய மை இரும்புச்சத்து மை; எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டை போடும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதே, அது மஞ்சளாகி எழுத்தோடு உரிந்து வரும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாதுகாக்கிறோம் என்று நல்ல மனதோடு செய்து பதிவேட்டையே இழந்தவர்கள் உண்டு. பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடு. வெற்றுப் பக்கத்தையும் எடு. விட்டால் பிறகு பக்கம் காணாமல் போனதாக நினைப்பார்கள். முடிந்ததும் கஞ்சி போடாத வெள்ளைத் துணியில் சுற்றி, சுவரில் ஒட்டாமல் அரை அடி தள்ளி நிற்கும் இரும்புப் பீரோவில் வை. கஞ்சி பூச்சிக்குத் தீனி. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

படியெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுத. எழுத்துப்பிழையையும் அப்படியே எழுது. தேதியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அமெரிக்கர் மாதத்தை முதலில் போடுவார்கள். 3/5/1911 என்று இருந்தால் மே 3ஆ, மார்ச் 5ஆ? அதே கையெழுத்தில் இரண்டாவது எண் 12ஐத் தாண்டும் வரி ஒன்றைத் தேடு. கிடைக்காவிட்டால் கிழமையைப் பார். ஞானஸ்நானம் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனையில்தான் நடக்கும். 1911 மார்ச் 5 ஞாயிறு. மே 3 புதன். இதுவே முழுச் சான்று ஆகாது, ஆனாலும் நல்ல துணை. தமிழ் வருஷப் பெயர் கல்லில் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்காதே. பிரபவ 1867லும் உண்டு, 1927லும் உண்டு.

பெயர்களில் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவாய். ஞானஸ்நானத்துக்கு முன் முனியம்மாள், பின் மரியாள். தகப்பன் பெயர், ஊர், ஞானஸ்நானம் கொடுத்தவர் இந்த மூன்றையும் ஒத்துப் பார். பதிவேட்டில் ஜாதிக் கலம் இருந்தால் குடும்பப் பெயரோடு சேர்த்து அச்சில் போடாதே, பேரப்பிள்ளைகளிடம் கேட்காமல் அது தர்மமில்லை. ஆனால் சபையின் முதல் மனிதர் யார் என்பதை மூடவும் வேண்டாம். கூலி வேலை என்று தொழில் எழுதியிருந்தால் அப்படியே சொல். அவர்கள் கொடுத்த காணிக்கையில் எழும்பிய சபை இது.

கணக்குப் புத்தகம் கிடைத்தால் விடாதே. 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய், அணா, பைதான். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ‘3-7-6’ என்பது மூன்று ரூபாய் ஏழரை அணா, அதாவது ஏறக்குறைய 3 ரூபாய் 47 பைசா. அதைப் புள்ளி வைத்து 3.76 என்று எழுதி எல்லாக் கூட்டலையும் கெடுத்துவிடுவார்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலக் கணக்கைத் தனியாகப் பார். சேவலும் பூசணியும் கம்பு மூட்டையும் என்ன விலைக்குப் போயின என்பதில் அந்த வருஷ மழையே தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக்கு நடுப்பகலில் போகாதே, எழுத்து தெரியாது. காலை எட்டு மணிக்குச் சாய்வெயிலில் போ; நிழல் பக்கம் இருக்கும் கல்லுக்குக் கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டு. வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஆசிட் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சைக் கரைத்துவிடும்.

பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் பதில் வராது. கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) கட்டுமுன்பா, கட்டின பின்பா என்று கேள். பாட்டிமார்களிடம் முதலில் போ, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானப் பெற்றோர் யார் யாருக்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நீ பெங்களூரில் இருப்பது நல்லதாயிற்று. யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகத்தில் மிஷன் காகிதங்கள் உண்டு. லண்டன் மிஷன் கடிதங்கள் லண்டன் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்திலும், மிசௌரிக்காரர்களுடையவை செயிண்ட் லூயிஸ் கன்கார்டியா ஹிஸ்டாரிகல் இன்ஸ்டிட்யூட்டிலும் இருக்கின்றன. நேதர் காலத்துக் காகிதங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்து வை.

ஐப்பசி மழைக்கு முன் வந்துவிடு. ஈரக்காற்றில் பழைய தாள் ஒன்றோடொன்று ஒட்டும். செயலாளரிடம் பீரோ சாவிக்குச் சொல்லி வைக்கிறேன். போதகர் ஐயாவிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா